டிரெட்நாட் கிதார்: மரமும் நரம்பும் கூறும் வரலாறு

திண்டிவனத்தில் மரவாடி வைத்து வணிகம் புரியும் அன்பர் ஒருவர் எமக்கு நெடுநாளைய நண்பர். விழுப்புரத்திலிருந்து அவ்வழியே செல்லும்போதெல்லாம் அஸர் தொழுகைக்குப் பின் அவர் கடையில் சற்றே அமர்ந்து, தேநீர் அருந்தி, அறுபடும் மரத்தின் மணத்தை நுகர்ந்து திரும்புவது நம் வழக்கம். அண்மையில் அவ்வாறு சென்றபோது, கல்லாவின் அருகே கரிய உறையிட்ட பெரியதொரு பொருள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நண்பரின் முகமோ வாடியிருந்தது. கல்லூரியில் பயிலும் அவர் மகன், விடுமுறை நாட்களில் வேலை செய்து சேர்த்த பணம் அனைத்தையும் கொடுத்துச் சென்னையிலிருந்து கிதார் ஒன்றை வாங்கி வந்திருந்தான்.

"ஹஜ்ரத், நீங்களே கேளுங்கள். வெள்ளைக்காரன் சாமான் ஒன்றுக்குப் பதினெட்டாயிரம் கொடுத்திருக்கிறான். பத்து நாளுக்குள் திருப்பினால் பணம் கிடைக்குமாம். திருப்பிக் கொடு என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்" என்றார் நண்பர்.

"இது சும்மா கிதார் இல்லை அத்தா, டிரெட்நாட்" என்றான் பையன், தலையைக் குனிந்தபடியே.

"அப்படியென்றால் என்ன?"

பையனுக்குத் தெரியவில்லை. இருவரும் எம்மை நோக்கினர். அச்சொல்லுக்கு 'எதற்கும் அஞ்சாதது' என்று நேர்ப்பொருள் கூற எம்மால் இயன்றதே அன்றி, அஞ்சாமைக்கும் கிதாருக்கும் உள்ள உறவு யாதென்று எமக்கும் விளங்கவில்லை. "ஒரு வாரம் பொறுங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்று விடைபெற்றோம். அந்த ஒரு வாரத்தில் நாம் படித்தும் கேட்டும் அறிந்தவையே இக்கட்டுரை.

டிரெட்நாட் என்பது முதற்கண் ஒரு போர்க்கப்பலின் பெயர். 1906 பிப்ரவரி 10ஆம் நாள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் ஏழாம் எட்வர்டு மன்னர் அதனைக் கடலில் இறக்கினார். பன்னிரண்டு அங்குல வாயுடைய பீரங்கிகள் பத்தினைச் சுமந்து, நீராவிச் சுழலிகளின் விசையால் விரைந்த அக்கப்பல் வந்ததும், அதுவரை உலகோர் கட்டியிருந்த போர்க்கப்பல்கள் யாவும் ஒரே நாளில் பழங்கலங்களாகிவிட்டன. அதன்பின் அவ்வகைப் பெருங்கப்பல்கள் அனைத்துக்கும் டிரெட்நாட் என்பதே பொதுப்பெயராயிற்று. அதனைக் கட்டுவித்த கடற்படைத் தலைவர் ஃபிஷர், 1909இல் பிரபுப் பட்டம் பெற்றபோது தமக்கெனத் தேர்ந்துகொண்ட வாசகமும் இச்சொல்லை வைத்தே அமைந்தது: இறைவனுக்கு அஞ்சுக, வேறெதற்கும் அஞ்சற்க என்பது அதன் கருத்து. தக்வாவைப் பற்றி மத்ரஸாவில் முதல் வகுப்பிலேயே நாம் ஓதும் பாடம், பீரங்கிக் கப்பலொன்றின் வழியாகவும் வந்து சேர்வது வியப்பே. ஆயினும் அவ்வாசகத்தை அவர்தம் அரசு எந்த அளவு பேணிற்று என்பது வேறு செய்தி. துருக்கி நாட்டு மக்கள் நன்கொடை திரட்டி இங்கிலாந்திலிருந்து பெறவிருந்த 'சுல்தான் உஸ்மான்', 'ரஷாதிய்யா' என்னும் இரு டிரெட்நாட்டுகளை, 1914 ஆகஸ்டில் போர் மூண்டவுடன் பிரிட்டன் தனக்கே எடுத்துக்கொண்டது. உஸ்மானியரை எதிரணிக்குத் தள்ளிய காரணங்களுள் அதுவும் ஒன்றென வரலாற்றாசிரியர் எழுதுவர்.

கப்பலின் பெயர் கிதாருக்கு ஏறியது எவ்வாறு என்று மலைக்க வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்டுச் சென்ற ஜெர்மானியக் கப்பலின் பெயரைக் கொண்டுதானே, கைகாரன் ஒருவனை இன்றும் நம் ஊரில் 'சரியான எம்டன்' என்கிறோம்! பெரியதும் வலியதுமான எதற்கும் டிரெட்நாட் என்று பெயர் சூட்டுவது அந்நாளைய வழக்கம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத் என்னும் சிற்றூரில் மார்ட்டின் என்னும் குடும்பத்தார் கிதார் செய்து வந்தனர், வருகின்றனர். முதல்வர் கிறிஸ்டியன் ஃபிரடெரிக் மார்ட்டின், ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் 1796இல் பிறந்து 1833இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய கைவினைஞர். அவர் பேரர் ஃபிராங்க் ஹென்றி மார்ட்டின், டிட்சன் என்னும் இசைக்கருவி வணிகரின் நியூயார்க் கடை மேலாளர் ஹாரி ஹண்ட் என்பவருடன் கூடி 1916இல் வரைந்த பெரிய கிதாரே முதல் டிரெட்நாட். ஹவாய்த் தீவுகளின் இசையில் அமெரிக்கர் மயங்கியிருந்த காலம் அது. பாடகரின் குரலுக்கு அடியில் நின்று தாங்கும் கனத்த ஓசை வேண்டப்பட்டது. முதலில் டிட்சன் பெயரிலேயே விற்ற அக்கருவியை, 1931இல் மார்ட்டின் குடும்பத்தார் தம் பெயரிலேயே வெளியிட்டனர். டி-18, டி-28 என அவர்கள் இட்ட எண்கள் இன்றளவும் கிதார் பயில்வோர் நாவில் வழங்குகின்றன. 1934இல் உடலுக்கு வெளியே பதினான்கு மெட்டுகள் நிற்குமாறு தண்டியை அமைத்தனர். அதன்பின் உலகில் செய்யப்படும் கிதார்களில் பெரும்பகுதி அவ்வுருவைப் பார்த்தே செய்யப்படுவதாயிற்று. அந்தப் பையன் வாங்கி வந்ததும் அவ்வுருவினதே. மார்ட்டின் செய்தது அன்று.

இனி, வாசிப்போரை அது ஈர்ப்பது எதனால் என்று காண்போம். வீணையின் உறுப்புப் பெயர்களைக் கொண்டு கூறினால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். பழைய கிதாருக்கு இடை குறுகியும் தோள் சரிந்தும் இருக்கும். டிரெட்நாட்டுக்கோ தோள் சதுரம், இடை அகலம். அதன் உடல் அடிப்பகுதியில் பதினைந்தரை அங்குலத்துக்கும் மேல் அகன்று, ஏறத்தாழ ஐந்து அங்குலம் ஆழ்ந்திருக்கும். சிறு சொம்பைத் தட்டினால் கீச்சென்றும் பெரிய குடத்தைத் தட்டினால் கும்மென்றும் ஒலிப்பதை அடுக்களையில் கேளாதார் யார்? அடைபட்ட காற்று மிகுந்தால் ஓசை தாழ்ந்து முழங்கும். அதிரும் பலகை அகன்றால் ஓசை ஓங்கும். இவ்விரண்டையும் ஒருங்கே பெற்றதே இக்கருவியின் சிறப்பு. மேற்பலகை மூன்று மில்லிமீட்டர் தடிப்புக்குள் அடங்கியது. அதன்மேல் ஆறு எஃகுத் தந்திகளை முறுக்கேற்றினால் எழுபது எண்பது கிலோ இழுவிசை உண்டாகிறது; அதாவது, விழுப்புரம் மண்டிக்கு வரும் ஒரு நெல் மூட்டையின் பாரத்தை அம்மெல்லிய பலகை இரவும் பகலும் தாங்கி நிற்கிறது. தாங்குவதற்காக அதன் அடியில் பெருக்கல் குறி வடிவில் சட்டங்கள் ஒட்டப்பட்டுள்ளன. தடித்த சட்டமானால் பலகை அதிராது. மெலிந்தால் குதிரை நின்ற இடம் வீங்கி எழும்பிவிடும். ஒடியாமலும் ஊமையாகாமலும் இடையில் நிறுத்துவதே செய்வோன் திறம்.

இதனால் விளையும் பயன், தனியொருவன் அரங்கை நிரப்பலாம் என்பதே. அமெரிக்க மலைநாட்டுப் பாடகர்கள், பாஞ்சோவும் பிடிலும் உரக்க ஒலிக்கும் கூட்டத்தில் பாட வேண்டியிருந்தது. ஒலிபெருக்கி எங்கும் கிடைக்காத அக்காலத்தில், அவற்றின் நடுவே அமிழ்ந்து போகாத கிதார் இதுவே. கையால் ஒருமுறை தட்டினால் கீழே முழவு போன்ற ஓசையும் மேலே தந்திகளின் சலசலப்பும் சேர்ந்தெழும். தாளக்காரரும் துணைக்கருவியும் ஒருவரே ஆகிவிடுகின்றனர். ஏழைப் பாடகனுக்கு இதனினும் வேண்டுவது யாது?

குறையும் உண்டு. சிற்றுடலினர் மடியில் வைத்தால் வலத்தோள் தூக்கிக்கொண்டு வலிக்கும். ஒவ்வொரு விரலாலும் தனித்தனிச் சுரத்தை மென்மையாக எழுப்ப விழைவோர் சிறிய உடலையே நாடுகின்றனர். முழக்கமும் மென்மையும் ஒரே பெட்டியில் முழுமையாக அடங்கா.

ஈண்டு ஒன்றைக் கூறியாக வேண்டும். கிதார் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மவருள் சிலர், "அது அரபியரின் ஊதிலிருந்து வந்தது, எல்லாம் நாம் கொடுத்ததே" என்று முடித்துவிடுவர். பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். அரபியில் 'ஊது' என்றால் மரம், மரத்துண்டு என்று பொருள். நம் வீடுகளில் புகைக்கும் ஊதுக்கட்டையும் அச்சொல்லே. நரம்புக் கருவியான ஊதும் அச்சொல்லே. 'அல்-ஊது' ஸ்பெயினில் 'லாவூத்' ஆகி, ஆங்கிலத்தில் 'லூட்' ஆனது ஐயமற்ற செய்தி. பக்தாதில் பயின்ற ஸிர்யாப் கி.பி. 822இல் குர்துபா சேர்ந்து, நான்கு நரம்புடைய ஊதுக்கு ஐந்தாவது நரம்பைச் சேர்த்தார். உடலின் நால்வகைக் கூறுகளுக்கு நான்கு நரம்பென்றால் உயிருக்கு ஒன்று வேண்டாவா என்பது அவர் கருத்து. மரத்துண்டால் மீட்டுவதை விடுத்து, கழுகின் இறகால் மீட்டவும் கற்பித்தார். இறகுக்கு அரபியில் 'ரீஷா'. ஊது மீட்டும் தகட்டுக்கு இன்றும் அதுவே பெயர். கி.பி. 950இல் மறைந்த அல்-ஃபாராபீயின் 'கிதாபுல் மூஸீக்கல் கபீர்' இக்கலையின் கணக்கை விரிவாக ஆராய்ந்த பெருநூல்.

ஆயினும் ஊதின் முதுகு பாதிப் பூசணி போல் உருண்டது. அதற்கு மெட்டுகள் இல்லை. கிதாரின் முதுகு தட்டையானது, மெட்டுகள் உண்டு. 'கிதார்' என்னும் சொல்லோ 'கிதாரா' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து கிளைத்தது. அரபியரும் அதனைக் கடன் பெற்றுக் 'கீஸாரா' என்றனர். இடைக்கால ஸ்பெயினில் மூர்களின் கிதார், லத்தீன் கிதார் என இருவகை பேசப்பட்டன. ஆகவே ஊதைக் கிதாரின் தந்தை என்பதினும், ஒரே வீட்டில் வளர்ந்த மூத்த உறவினர் என்பதே பொருந்தும்.

நரம்புக் கருவிகள் குறித்து மார்க்கச் சட்ட அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டையும் வாசகர் அறிவர். நால்வகை மத்ஹபு நூல்களில் தடுத்துரைப்போரே மிகுதி. பாடலைக் கேட்பதற்கு நிபந்தனைகளுடன் இடமளித்த இமாம் கஸ்ஸாலி அவர்களும், குடிகாரரின் அவையோடு சேர்ந்தவை என்பதால் நரம்புக் கருவிகளை விலக்கினார்கள். குர்துபாவின் இப்னு ஹஸ்மோ தடைக்குரிய சான்றுகள் வலுவற்றவை என்று வாதிட்டார். நண்பருக்கு இவ்விரண்டையும் மறையாது கூறினோம். இது ஃபத்வாப் பக்கம் அன்று, மேலே செல்வோம்.

நண்பர் 'வெள்ளைக்காரன் சாமான்' என்றாரல்லவா? நரம்புக் கருவியைத் தோளில் சுமந்து திண்டிவனத்துக்குள் நுழைந்த முதல் இளைஞன் அவர் மகன் அல்லன். பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, நல்லூர் நத்தத்தனார் பாடியது. அதன் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் என்னும் ஊரே இன்று கிடங்கல் என்ற பெயரில் திண்டிவனத்துள் அடங்கியுள்ளது. சிறிய யாழை ஏந்திய வறிய பாணர், பரிசில் நாடி அவன் நாட்டுக்கு வரும் வழியை உரைப்பதே அந்நூலின் பொருள். யாழில் பேரியாழுக்கு இருபத்தொரு நரம்பு, செங்கோட்டியாழுக்கு ஏழு என்பர் உரையாசிரியர். அதில் ஒரு நரம்புக்கு ஒரு சுரமே. தண்டியில் விரல் வைத்து ஒரே நரம்பில் பல சுரம் எழுப்பும் கருவிகள் பெருகியபின் யாழ் நம் நாட்டில் வழக்கொழிந்தது. மட்டக்களப்பில் பிறந்த விபுலானந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டதால், அதன் கணக்கேனும் நமக்குத் திரும்பக் கிடைத்தது. பேரியாழ் பெரும்பாணருக்கும் சீறியாழ் சிறுபாணருக்கும் உரியதென்ற பாகுபாட்டைப் படிக்கும்போது, பெரிய உடல் வேண்டுமா சிறிய உடல் வேண்டுமா என்னும் இன்றைய கிதார்காரரின் வழக்கு எமக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

மரத்தைப் பற்றிய செய்தியே இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கு மிக நெருங்கியது. டி-28 வகையின் முதுகுக்கும் விலாவுக்கும் மார்ட்டின் குடும்பத்தார் நெடுங்காலம் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தையே இழைத்தனர். 1960களின் இறுதியில் பிரேசில் தன் மரத்தை உருட்டுக்கட்டைகளாக ஏற்றுமதி செய்வதற்குத் தடை விதித்தது. மாற்று தேடியோர் 1969இல் வந்து சேர்ந்த மரம் எது? நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்! தோதகத்தி என்று தமிழில் வழங்குவதும் அதுவே. நீலகிரி, ஆனைமலை, வயநாடு, குடகு ஆகிய மலைச்சாரல்களில் வளர்வது. கருஞ்சிவப்பு வைரமும், ஊடே ஓடும் கரிய ரேகையும், கனமும் உடையது. தட்டினால் மணி போல் ஒலி நீளும். அது முதல் உலகம் போற்றும் டிரெட்நாட் பலவற்றின் முதுகு நம் மலையில் வளர்ந்ததாயிற்று. நம் பாட்டனார் காலத்து ஈட்டிக் கட்டிலும், மேலைநாட்டுப் பாடகன் மார்போடு அணைக்கும் கிதாரும் ஒரே மரத்தின் உறவுகள்!

மரம் அருகியதும் உண்மை. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம், சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியையும் அரசின் அனுமதியின்றி வெட்டலாகாது என விதித்தது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை நெறிப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம், 2017 ஜனவரி முதல் அவ்வினத்து மரங்கள் அனைத்தையும் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. கிதாரைக் கையில் கொண்டு எல்லை கடக்கவும் இசைவாணர் அஞ்சினர். முடிந்துபோன இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு அளிக்கப்பட்டபின்னரே அவ்வச்சம் நீங்கிற்று. அஞ்சாமையைப் பெயரிலேயே கொண்ட கருவி, சுங்கச் சாவடிக்கு அஞ்சிய காலமும் இருந்தது.

ஒன்பதாம் நாள் மீண்டும் மரவாடிக்குச் சென்றோம். கூறியவற்றையெல்லாம் கூறினோம். கப்பலையும் கிடங்கிலையும் நண்பர் பொறுமையாகவே கேட்டார். திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதே திண்டிவனத்தின் பழம்பெயர் என்பதையும், அப்புளிக்கு அரபியர் இட்ட பெயர் 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை என்பதையும் இடையில் சேர்த்தோம், அவர் புன்னகைத்தார். ஈட்டி என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்துவிட்டார்.

"இதன் முதுகு ஈட்டியா?" என்று உறையைத் தாமே கழற்றினார். அந்த ஒன்பது நாளில் அவர் அதைத் தொடுவது அதுவே முதல் முறை போலும். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டினார். ஒலித்துளைக்குள் கைபேசி விளக்கை அடித்து உட்புறத்தை நோக்கினார். நாற்பது ஆண்டுக் காலம் மரம் வாங்கி மரம் விற்ற கண் அது.

"ஹஜ்ரத், இது ஈட்டி இல்லை. வெளியே ஓடும் ரேகை வேறு, உள்ளே ஓடும் ரேகை வேறு. ப்ளைவுட்டின்மேல் ஈட்டித் தோலை ஒட்டியிருக்கிறான்" என்றார்.

பையனின் முகம் சுருங்கிப் போயிற்று. நண்பர் அதைக் கவனியாதவராய், ஒலித்துளையின் விளிம்பில் நகத்தை ஓட்டி, "ஆனால் மேல் பலகை ஒட்டு இல்லை. விளிம்புவரைக்கும் ஒரே நார் இறங்குகிறது. ஒற்றைப் பலகை; நல்ல நெருக்கமான நார், குளிர்நாட்டு மரம்" என்றார்.

அப்போது நாம் படித்த செய்தியொன்று நினைவுக்கு வந்தது. ஸ்பெயினின் அல்மேரியா, அரபியர் 'அல்-மரிய்யா' என்றழைத்த ஊர். அவ்வூரைச் சேர்ந்த தோர்ரெஸ் என்னும் கிதார்த் தச்சர், 1862இல் முதுகையும் விலாவையும் வெறும் காகித அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் இழைத்து ஒரு கிதாரை உருவாக்கினார். கிதாரின் குரல் பெரிதும் மேற்பலகையிலிருந்தே பிறக்கிறது என்று மெய்ப்பிப்பதே அவர் நோக்கம். இதைக் கூறியதும் பையன் தலை நிமிர்ந்தான்.

"அட்டையிலா?" என்றார் நண்பர். மறுபடியும் கிதாரைத் தட்டிப் பார்த்தார், இம்முறை மேற்பலகையில், குதிரைக்கு அருகில். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

"புதுச்சேரி போகும் வழியில் ஆரோவில்லில் கையால் கிதார் செய்யும் ஆள் இருந்ததாகக் கேள்வி" என்றோம்.

"எங்கள் அத்தா காலத்துக் கட்டில் ஒன்று பரண்மேல் கிடக்கிறது, ஹஜ்ரத். கால் உடைந்தது. அசல் கூடலூர் ஈட்டி. தலைப்பலகை மட்டும் ஒன்றரை அடி அகலம்" என்று எம்மிடம் சொல்லிவிட்டு, மகனைப் பார்த்து, "இதற்கு முதுகு எத்தனை அங்குலம் என்றாய்?" என்று கேட்டார்.